மூன்று கதவுத்தட்டல்கள்: டாக்டர் ஐடா வரலாற்றைப் படிக்கும் முறை

வேலூர் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் 1960-இல் காலமானார். அதற்கு முந்தைய ஆண்டே டாரதி கிளார்க் வில்சன் அவரது வாழ்க்கையை நூலாக்கிவிட்டார். இன்று நம் பிரசங்க மேடைகளில் உலவும் ஐடா பெரும்பாலும் அந்நூலின் ஐடாவே எனலாம். நூலாசிரியை நாவல் எழுதிப் பழகியவர். காட்சியும் உரையாடலுமாக வரலாற்றை நடத்திச் செல்கிறார். அந்தத் திறனே நூலின் பலம். அதன் குறையும் அங்கேதான் தொடங்குகிறது என்பது நம் கருத்து.

திண்டிவனத்து இரவை எடுத்துக்கொள்வோம். செஞ்சி, தளவானூர் வட்டாரத்துச் சபைகளில் ஊழியஞ்செய்யும் ஆயர்களுக்கு இது அடுத்த ஊர்க் கதை. 1870-இல் இராணிப்பேட்டையில் பிறந்து அமெரிக்காவில் கல்வி கற்ற ஐடா, நோயுற்ற தாய் சோபியாவுக்கு உதவ 1890-இல் திண்டிவனம் வந்தார். மிஷனெரியாகும் எண்ணம் அவருக்குச் சிறிதும் இல்லை. அக்காலத்தில் ஓரிரவு, ஒரு பிராமணர், ஒரு முகமதியர், உயர்சாதி இந்து ஒருவர் என மூவர் ஒருவர்பின் ஒருவராகக் கதவைத் தட்டினர். மூவரின் மனைவியரும் பிரசவ வேதனையில் இருந்தனர். ஐடாவின் தந்தை மருத்துவரே. ஆயினும் அந்நிய ஆடவர் தம் மனைவியரைப் பார்க்கலாகாது என்று மூவரும் திரும்பிவிட்டனர். மூன்று பெண்களும் அவ்விரவிலேயே இறந்தனர்.

இந்நிகழ்ச்சி ஐடாவே சொன்னது. அதை நாம் ஐயுறவில்லை. அது சொல்லப்படும் வடிவமே நம் கவனத்துக்குரியது. சிறுவன் சாமுவேலின் இரவு நம் நினைவுக்கு வராமற் போகாது. ஆனால் அங்கே அழைக்கப்பட்டவன் பெயர் சொல்லி அழைக்கப்பட்டான். இங்கோ, யாருடைய மரணத்தின் வழியாக அழைப்பு வந்ததோ அப்பெண்களுக்குப் பெயரே இல்லை. பர்மாவுக்குச் சென்ற அமெரிக்க பாப்டிஸ்ட் அம்மையார் ஆன் ஜட்சன் 1826-இல் மறைந்தார்; 1829-இல் அவரது வரலாறு வெளிவந்து அந்நாட்டுக் கிறிஸ்தவ இல்லங்களில் மிகுதியாகப் படிக்கப்பட்டது. அன்றுமுதல் வளர்ந்த வரலாற்று மரபில் மிஷனெரி அம்மையாரே முன்னிற்பார். சுதேசப் பெண்கள் பின்திரை. வில்சன் அம்மரபைக் கடந்தாரில்லை.

இதனால் நேரும் தீங்கு சிறிதன்று. நம் மேடைகளில் அக்கணவன்மார் மூடர்களாகின்றனர்; கேட்போர் பெருமூச்செறிகின்றனர். ஆனால் சென்னை மருத்துவக் கல்லூரி 1875-இலேயே பெண்களைச் சேர்த்துக்கொண்டது. அவர்களுள் ஒருவரான மேரி ஷார்லீப் முயன்று, 1885-இல் உயர்சாதிப் பெண்களுக்கும் கோஷா பெண்களுக்கும் எனத் தனி மருத்துவமனையைச் சென்னையில் தொடங்கினார். (இன்றைய திருவல்லிக்கேணி கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை அதுவே.) அந்த வழக்கத்தைப் பழித்துக்கொண்டிராமல், அதற்குள் வாழ்ந்த பெண்களுக்குப் பெண் மருத்துவர் தேவை என்று அவர் கண்டார். திண்டிவனத்தார் கேட்டதும் இதையேயன்றோ? சென்னையில் கிடைத்தது ஏறக்குறைய 125 கிலோமீட்டருக்கு இப்பால் கிடைக்கவில்லை. அவ்விரவின் அவலத்தில் பாதி இத்தூரத்தினால் விளைந்தது.

ஐடா இதை உணர்ந்தார் என்பதற்கு அவரது செயல்களே சான்று. 1899-இல் கார்னெல் மருத்துவப் பட்டம் பெற்று, மறு ஆண்டு திரும்பி வந்தார். 1902-இல் வேலூரில் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை எழுந்தது. தாம் ஒருவராகவே எல்லாக் கதவுகளையும் திறக்கச் செல்ல இயலாதென்று அறிந்து, 1918-இல் இந்நாட்டுப் பெண்களுக்கென மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். 1947 வரை அங்கு ஆண் மாணவர் இல்லை. திண்டிவனத்து இரவை மட்டும் வாசித்துவிட்டுப் பிரசங்கம் ஆயத்தம் செய்யும் மாணவர்கள், வேலூர்ப் பள்ளியின் வரலாற்றையும் படிப்பார்களாக. அங்கே கதவைத் தட்டுபவர்களும் பெண்கள், திறப்பவர்களும் பெண்கள்.