பாதியைக் குறைத்தது யார்?

2011 மார்ச் மாதம் ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தில் விபத்து நேர்ந்தது. சீசியம்-134, சீசியம்-137 என்னும் கதிரியக்கப் பொருள்கள் கூரை, சாலை, வயல் எங்கும் படிந்தன. அவ்வாண்டு ஆகஸ்டில் அந்நாட்டு அரசு ஓர் இலக்கை அறிவித்தது: மக்கள் ஓராண்டில் பெறும் கதிர்வீச்சை இரண்டே ஆண்டுகளில் பாதியாகக் குறைப்பது.

கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த 50 விழுக்காட்டில் சுமார் 40 தானாகவே குறையும், மாசு நீக்கும் பணியால் குறைவது 10 என்று அதே திட்டம் கூறியது!

தானாகக் குறைவது எப்படி? சீசியம்-137இன் அரை ஆயுள் சுமார் 30 ஆண்டு. சீசியம்-134க்கோ சுமார் 2 ஆண்டுதான். தொடக்கத்தில் வெளிப்புறக் கதிர்வீச்சில் ஏறத்தாழ பத்தில் ஏழு பங்கு சீசியம்-134 தந்தது. 70இல் பாதி 35. மற்றதன் சிதைவும், மழை சீசியத்தை மண்ணுக்குள் இறக்குவதும் சேர்ந்தால் 40 ஆகிவிடும்.

அரசு இதை மறைக்கவில்லை. எனினும், யாரும் துடைப்பத்தைத் தொடாமலே ஐந்தில் நான்கு பங்கு நிறைவேறிவிடும் இலக்கு, துப்புரவுப் பணியை அளக்கும் கோலாகுமா? மீதமிருக்கும் 60இல் 10, அதாவது ஆறில் ஒரு பங்கு. அப்பணியின் இலக்காகச் சொல்ல வேண்டியது இதுவே.

அளப்பதிலும் சிக்கல் உண்டு. ஒரு கற்பனைக் கூரையை எடுத்துக்கொள்வோம். கழுவுமுன் கருவி நிமிடத்துக்கு 1000 எண்ணிக்கை காட்டுகிறது; கழுவியதும் 400. குறைவு இரண்டரை மடங்கு. ஆனால் 100 எண்ணிக்கை எங்குமுள்ள இயற்கைக் கதிர்வீச்சால் வருவது. அதைக் கழித்தால் 900, 300, மூன்று மடங்கு. இன்னும் 200 பக்கத்துக் காட்டிலிருந்து வரும் காமாக் கதிர்கள் என்று வையுங்கள். கருவியைச் சுற்றி ஈயக் கவசம் வைத்து அவற்றையும் தடுத்தால் கூரைக்குரியவை 700, 100, ஏழு மடங்கு! ஒரே கழுவலுக்கு மூன்று விடைகள்.

எது சரி? கழுவும் முறை எவ்வளவு நல்லது என்று கேட்டால் ஏழு. அங்கு நிற்பவருக்கு எவ்வளவு நன்மை என்று கேட்டால் இரண்டரை. முதல் கேள்வியின் விடையை இரண்டாவதற்குத் தருவதுதான் தவறு. ஃபுகுஷிமாவில் காடுகளைப் பெரும்பாலும் வீடுகளை அடுத்த சுமார் 20 மீட்டர் வரையே சுத்தம் செய்தார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். ஊர் திரும்பலாமா என்று தயங்கும் குடும்பத்துக்குக் கூரையின் ஏழு மடங்கு என்ன ஆறுதல் தரும்?

இதற்கு வழி, நம் ஆய்வுக்கூடப் பாடம்தான். கழுவிய கூரைக்கு அருகில் அதேபோன்ற ஒரு கூரையைக் கழுவாமல் விட்டு, இரண்டையும் ஒரே நாளில், ஒரே கருவியால், ஒரே உயரத்தில் அளக்க வேண்டும். சிதைவும் மழையும் இரண்டுக்கும் பொது. வேறுபாடே உழைப்பின் பயன்.

இன்னொன்று: கழுவுவதால் கதிரியக்கம் அழிவதில்லை, இடம் மாறுகிறது. ஃபுகுஷிமாவில் அகற்றிய மண்ணும் பிறவும் சுமார் 1 கோடியே 40 லட்சம் கன மீட்டர், அணுமின் நிலையத்தைச் சுற்றியுள்ள இடைக்காலக் கிடங்குக்குச் சென்றன. 2045ஆம் ஆண்டுக்குள் அவற்றை அம்மாநிலத்துக்கு வெளியே இறுதியாகச் சேர்க்க வேண்டும் என்பது சட்டம்.

ஆகவே வாசகர்களே, ‘இத்தனை விழுக்காடு நீங்கியது’ என்று எங்கேனும் படித்தால் கேளுங்கள்: எதை அளந்தார்கள்? எதனுடன் ஒப்பிட்டார்கள்? நீங்கியது எங்கே போயிற்று?