முன்பணத் தேங்காயும் கடன் தேங்காயும்

திருவனந்தபுரம் கிழக்கே கோட்டையில் பேருந்தை விட்டு இறங்கினால், பழவங்காடிப் பிள்ளையாரைப் பார்க்கும் முன்பே தேங்காய் சிதறும் சத்தம் காதில் விழுந்துவிடும். இந்தக் கோயிலின் முக்கிய வழிபாடே அதுதான். பத்மநாபபுரத்தில் திருவிதாங்கூர்ப் படைவீரர்கள் கும்பிட்டுவந்த பிள்ளையார், தலைநகரம் மாறியபோது அவர்களோடு இங்கே வந்தார் என்று சொல்கிறது கோயில் வரலாறு. இன்றும் நிர்வாகம் இந்திய ராணுவத்திடம், மெட்ராஸ் ரெஜிமென்ட்டிடம் இருக்கிறது. துப்பாக்கி தூக்குகிறவனே உடைத்துவிட்டுத்தான் கிளம்புகிறான் என்றால், அரசு வேலைக்கான பி.எஸ்.சி. தேர்வெழுதப் போகிறவன் உடைப்பதில் என்ன வியப்பு?

புறப்படுமுன் ஒரு தேங்காய் உடைப்பதை நான் குறை சொல்லமாட்டேன். பயத்தோடு சும்மா நிற்பவனுக்குக் கைக்கு ஒரு வேலை கிடைக்கிறது. ஓங்கி ஒரு வீச்சு, ஒரு சத்தம், அவ்வளவுதான். இனி ஆகவேண்டியதைப் பார்க்கலாம். பலன் தெரியுமுன்பே செலவு செய்துவிடுவதால் பேரத்துக்கு இடமில்லை. உணவு வீணாகிறது என்ற பகுத்தறிவாளர் வாதம் அலட்சியப்படுத்தக்கூடியதல்ல. அதுவும் கேரளத்தில் தேங்காயெண்ணெய் லிட்டர் 400 ரூபாயைத் தாண்டிய 2025-க்குப் பிறகு. ஆனால் தமிழ்நாட்டுத் தெருமுனைகளில் சிதறுகாய் பொறுக்கப் பாயும் பிள்ளைகளைப் பார்த்தவர்களுக்கு அந்த வாதம் பாதிதான் செல்லும்.

சிக்கல் ‘வேலை கிடைத்தால் 108’ என்று கடன் சொல்லி வேண்டிக்கொள்வதில் இருக்கிறது. பயம் கூடக்கூட எண்ணிக்கை கூடும். வேலை கிடைத்த மறுநாளே, “நான் படிச்ச படிப்புக்குக் கிடைக்காமலா போகும்?” என்ற ஞானம் பிறக்கும். 108 மெல்ல 11 ஆகி, ‘மனசுதானே முக்கியம்’ என்று ஒன்றில் வந்து நிற்கும். அந்த ஒன்றும் பெரும்பாலும் அப்பாவின் பென்ஷன் பணத்தில். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கிற இந்தக் குணத்தை நம் கிழவிகள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். கடன் கொடுத்தவர் வீட்டுக்கு வந்து கேட்கமாட்டார் என்றால் எவரும் இப்படித்தான் நடந்துகொள்வார்; பக்தியை மட்டும் பழிப்பது நியாயமில்லை.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. தைரியம் தருகிற தேங்காய், அழுகியிருந்தால் அந்தத் தைரியத்தைப் பிடுங்கிக்கொள்ளும். நன்றாகப் படித்த பையன்கூட முகம் வெளுத்துப்போவான். அதற்கும் நம்மிடம் மருந்து இருக்கிறது. பக்கத்தில் நிற்கும் பெரியம்மா சட்டென்று சொல்வார்: “நல்லதுடா, பீடை கழிஞ்சுது!” நல்ல காய் உடைந்திருந்தாலும் அவர் நல்லது என்றுதான் சொல்லியிருப்பார்.