கழுத்தேறிய காசு

மிளகுக்கும் முத்துக்கும் விலையாக யவனர் மரக்கலங்களில் வந்திறங்கிய ரோமாபுரிப் பொற்காசுகளை, வாணிபத்துக்கு உரியவை என்று மட்டும் கருதாமல் கழுத்துக்கு ஆபரணமாகவும் ஆக்கிக்கொண்ட நம் முன்னோரின் சௌந்தரிய உணர்ச்சி போற்றத் தக்கது.

தென்னிந்தியாவில் அகப்பட்ட அக்காசுகள் சிலவற்றை உற்று நோக்கினால், சக்கரவர்த்தியின் தலைக்கு மேலே அருகருகே இரண்டு துளைகள் இருப்பதைக் காணலாம். ஒரு துளையில் தொங்கும் காசு சுழன்று முதுகைக் காட்டும், இரண்டில் கோத்த காசோ முகம் நிமிர்ந்து நேரே நிற்கும் என்பதை அறிந்து, இலைமாலை சூடிய அந்தச் சிரசுக்கு ஊறு நேராமல் துளையிட்ட பொற்கொல்லனின் விவேகத்தை என்னென்பது! 1898இல் புதுக்கோட்டைச் சீமையில் கிடைத்த 501 ரோமானியப் பொற்காசுகளில் பெரும்பாலானவற்றின் முகத்தில் குறுக்கே பாய்ந்திருக்கும் உளிவெட்டைப் பார்த்தவர்களுக்கே அந்த நிதானத்தின் அருமை நன்கு விளங்கும்.

பொன்னுக்கு வசதியில்லாதோரும் இந்த ஆசையை விட்டாரில்லை: தெலுங்கு நாட்டுக் கொண்டாப்பூரில், திபேரியஸ் மன்னனின் காசைச் சுடுமண்ணில் அச்செடுத்து அணிந்திருக்கிறார்கள்.

பயனையும் அழகையும் இணைக்கும் இந்த உணர்ச்சி காசோடு நின்றுவிடவில்லை: கரூரில் அமராவதி ஆற்று மணலில் கிடைத்த முத்திரை மோதிரங்கள், உடையவன் பெயரைத் தமிழி எழுத்தில் தாங்கி, கையொப்பமும் அலங்காரமும் ஒரே விரலில் ஒன்றியவை.

பழம்பொன் என்றதும் உருக்கத் துணிகிறவர்கள், எடைக்கு அப்பாற்பட்ட இந்த மதிப்பையும் உணர்ந்து, அவற்றைக் காப்பது கடமையாகும்.