இருப்பு: 1

கலம்காரி என்ற ஒரே பெயரில் ஆந்திராவில் இரண்டு தொழில்கள் நடக்கின்றன. மசூலிப்பட்டினத்தில் மர அச்சைச் சாயத்தில் தோய்த்துத் துணியில் பதிக்கிறார்கள். ஒரே அச்சில் எத்தனை மீட்டர் வேண்டுமானாலும் வரும். திருப்பதிக்குப் பக்கத்தில் இருக்கும் காளஹஸ்தியில் அச்சு கிடையாது. மூங்கில் குச்சியின் நுனிக்குச் சற்று மேலே துணியைச் சுற்றிக் கட்டிச் சாயத்தில் நனைத்து, அதை விரலால் அழுத்தியபடி துணி முழுவதையும் கையாலேயே வரைகிறார்கள். இணையக் கடைக்கு மென்பொருள் தேடுகிறவர் தன்னைத்தானே முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவில் இருக்கிறது: விற்ற பொருள் மறுபடியும் அதேபோல் வருமா, வராதா?

காளஹஸ்தியில் கலம்காரி வரையும் ஒரு குடும்பத்தின் இணையக் கடையைச் சில மாதங்களாக நான் பார்த்துக்கொள்கிறேன். கடை ஓடுவது வூகாமர்ஸில். வேர்ட்பிரஸ் தளத்தின் மேல் பொருத்துகிற இலவச மென்பொருள் அது. 2011-ல் வந்தது, 2015-ல் ஆட்டோமேட்டிக் நிறுவனம் அதை வாங்கியது. அதன் வசதிப் பட்டியலை இங்கே அடுக்கப் போவதில்லை. கூடை, கூப்பன், கூரியர் கட்டணம், வரி எல்லாம் எல்லா மென்பொருளிலும் உண்டு. என்னைப் பொறுத்தவரை இந்த மென்பொருளின் தகுதி ஒரே ஒரு கட்டத்தில் தெரிந்துவிடுகிறது. சரக்கு இருப்பு என்ற இடத்தில் 1 என்று போட்டால் அது எப்படி நடந்துகொள்கிறது?

அந்த 1-க்கு இருக்கும் எடையைச் சொல்லிவிடுகிறேன். துணியைக் கடுக்காயும் எருமைப் பாலும் கலந்த நீரில் நனைத்துக் காய வைக்க வேண்டும். துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் நாட்கணக்கில் ஊறவைத்தால்தான் கோடு வரைகிற கறுப்பு கிடைக்கும். சிவப்பு வர வேண்டிய இடங்களில் படிகாரம் பூசி, சாய வேரோடு காய்ச்சி, ஆற்று நீரில் அலச வேண்டும். நீலத்துக்கு அவுரி. ஒரு சேலைக்கு வாரங்கள் போகும். அதே கை, அதே கதையை, அதே அளவில் மறுபடி வரைந்தாலும் சீதையின் முகம் வேறாகத்தான் வரும். தண்ணீர் மாறினால் சிவப்பும் மாறும். 1957-ல் அகில இந்தியக் கைவினை வாரியம் இங்கே பயிற்சி மையம் திறந்த காலத்திலிருந்து இந்தத் தொழிலைக் காப்பாற்றி வந்ததே இந்தத் தனித்தன்மைதான். 2005-ல் புவிசார் குறியீடு கிடைத்ததும் இந்தக் கைவரைவுக்குத்தான். ஆகவே, இந்தக் கடையில் ஒரே சேலையை இரண்டு பேருக்கு விற்றுவிட்டால் மாற்றுச் சேலை கொடுத்துச் சமாளிக்க வழியில்லை.

வூகாமர்ஸின் சரக்கு அமைப்புகளுக்குள் போனால், சரக்கை நிறுத்தி வைக்கும் நேரத்தை நிமிடத்தில் கேட்கும் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. பலர் அதைத் தொடுவதே இல்லை. அதில் வழக்கமாக 60 என்று இருக்கும். ஒருவர் முகவரி நிரப்பி ஆர்டர் பொத்தானை அழுத்திவிட்டால், பணம் வந்து சேரும் முன்பே அந்தச் சேலை அவர் பேரில் ஒதுக்கப்படுகிறது. மற்றவர்களால் அதை வாங்க முடியாது. அந்த நிமிடங்களுக்குள் பணம் வராவிட்டால் ஆர்டர் தானாக ரத்தாகி, சேலை மறுபடி விற்பனைக்கு வந்துவிடும். கூடையில் போட்டு வைத்தால் மட்டும் எதுவும் ஒதுக்கப்படாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். கூடையில் போட்டுவிட்டு மறந்துபோகிறவர்கள்தான் அதிகம்.

புதுச் சேலைகளின் படத்தை மாலையில் வாட்ஸ்அப் குழுவில் போட்டதும், நல்ல சேலை ஒன்றுக்கு ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பேர் பாய்வார்கள். அந்த நேரத்தில் 60 நிமிடம் மிக நீளம். முதலில் அழுத்தியவர் மனம் மாறிப் போய்விட்டால், அடுத்தவருக்கு ஒரு மணி நேரம் முழுக்கச் 'சரக்கு இல்லை' என்றே தெரியும். அவர் காத்திருக்க மாட்டார். சரி, ஐந்து நிமிடமாகக் குறைக்கலாமா? அங்கே யுபிஐ குறுக்கே வருகிறது. 2016-ல் வந்த யுபிஐ இன்று நம் ஊர் வாடிக்கையாளர்களின் முதல் விருப்பம். ஆனால் பணம் கட்ட அவர் உலாவியை விட்டு வேறு செயலிக்குப் போகிறார். வங்கி மெதுவாக இருந்தால் கணக்கில் பணம் கழிந்த பிறகும் உறுதிச் செய்தி கடைக்குத் தாமதமாக வரும். அதற்குள் ஐந்து நிமிடம் முடிந்து, ஆர்டர் ரத்தாகி, சேலை இன்னொருவருக்குப் போயிருக்கும். பணம் கட்டியவருக்குச் சேலை இல்லை. பணத்தைத் திருப்பிவிடலாம், அவருடைய ஆசையைத் திருப்பித் தர முடியாது.

இருபது நிமிடம் என்பது எங்கள் கடைக்குப் பொருந்தி வருகிறது. தாமதமாகும் யுபிஐ பணத்துக்கு இடம் கொடுக்கிறது. சும்மா அழுத்திவிட்டுப் போகிறவருக்காகச் சேலையை அதிக நேரம் கட்டிப்போடுவதும் இல்லை. இதோடு பணப் பரிமாற்ற கேட்வேயின் வெப்ஹூக்கைக் கட்டாயம் இணைக்க வேண்டும். வாடிக்கையாளர் உலாவிக்குத் திரும்பாமலே போனாலும் பணம் வந்த செய்தியைக் கேட்வே நேராகக் கடைக்குச் சொல்லும் வழி அது. அதை இணைக்காமல் யுபிஐ வாங்குகிற கடை, கல்லாப்பெட்டியைத் தெருவில் வைத்துவிட்டு உள்ளே உட்கார்ந்திருப்பதற்குச் சமம்.

இவ்வளவு நல்ல ஏற்பாட்டை இரண்டு விஷயங்கள் கெடுக்கின்றன. முதலாவது, வேர்ட்பிரஸின் நேர ஒழுங்கு. குறித்த நேரத்தில் செய்ய வேண்டிய வேலைகளை வேர்ட்பிரஸ் தானாக எழுந்து செய்வதில்லை. யாராவது தளத்துக்குள் வரும்போதுதான் 'ஏதாவது வேலை பாக்கி இருக்கிறதா' என்று பார்க்கும். பெரிய கடையில் நொடிக்கொருவர் வருவதால் இது தெரியாது. காளஹஸ்திக் கடையில் இரவு பதினொரு மணிக்கு மேல் யார் வருவார்? ரத்தாக வேண்டிய ஆர்டர் விடியும்வரை சேலையைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஹோஸ்டிங் பலகையில் க்ரான் வேலை ஒன்றை அமைத்து, சில நிமிடங்களுக்கு ஒருமுறை தளத்தைத் தட்டச் சொன்னால் இது தீர்ந்துவிடும். தமிழிலோ தெலுங்கிலோ இதை ஒரு கடைக்காரருக்கு எடுத்துச் சொல்ல ஆளில்லை என்பது என் பெரிய ஆதங்கம்.

இரண்டாவது, கேஷ் (cache). எங்கள் ஹோஸ்டிங் நிறுவனம் வேகம் வேண்டும் என்று பொருள் பக்கங்களைப் படம் பிடித்ததுபோல் சேமித்து, மணிக்கணக்கில் அதையே எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தது. விற்றுப்போன சேலை இன்னும் கிடைப்பதாகத் தெரிந்தது. வாடிக்கையாளர் ஆசையோடு பொத்தானை அழுத்தியதும் 'இல்லை' என்று வந்தது. இரண்டு பேருக்கு விற்பதை மென்பொருள் தடுத்துவிட்டது, உண்மை. ஆனால் ஏமாந்த மனிதர் கடையைத்தான் திட்டுவார். சரக்கு மாறிய உடனே அந்தப் பக்கத்தின் சேமிப்பை அழிக்கும் வசதி உண்டா என்று ஹோஸ்டிங் வாங்கும் முன்பே கேளுங்கள். 'வேகமான சர்வர்' என்று விளம்பரம் செய்கிறவர்களிடம் இதைக் கேட்டால் பாதிப் பேர் விழிக்கிறார்கள்.

கேஷ் ஆன் டெலிவரியை நாங்கள் வைக்கவில்லை. அதில் ஆர்டர் அழுத்திய கணமே சரக்கு குறைந்துவிடும். பணம் வாசலில்தான் வரும். வாங்குபவர் கதவைத் திறக்காமல் விட்டால், கவுஹாத்தி வரை போன சேலை திரும்பிக் காளஹஸ்தி வந்து சேர நாட்கள் ஆகும். சோப்பு விற்கிற கடைக்கு அது ஒரு பெட்டி. எங்களுக்கு அந்த நாட்களில் அந்தச் சேலை உலகத்தில் எங்குமே இல்லை. ஒற்றைப் பொருள் விற்கிற யாரும் இதைத் துணிந்து நிறுத்திவிடலாம்.

எனக்கு எரிச்சலூட்டும் சின்ன விஷயங்களும் உண்டு. ரூபாய்க்குக் காற்புள்ளி போடத் தெரியாத மென்பொருளை இந்தியாவில் விற்கலாமா? கோயில் திரைச்சீலை அளவில் வரைந்த பெரிய ராமாயணத் துணிக்கு ₹1,25,000 என்று விலை போட்டால் வூகாமர்ஸ் ₹125,000 என்று காட்டும். மூன்று இலக்கத்துக்கு ஒரு காற்புள்ளிதான் அதற்குத் தெரியும். லட்சம் எங்கே தொடங்குகிறது என்று வாங்குபவர் கண்ணால் எண்ண வேண்டியிருக்கிறது. சில வரி நிரலில் சரி செய்யலாம், நானும் செய்திருக்கிறேன். பத்து ஆண்டுகளுக்கு மேல் இந்தியக் கடைகள் இதில் ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தச் சில வரிகளை மென்பொருளிலேயே வைத்திருக்க வேண்டும்.

இன்னொன்று பொருளைப் பிரதியெடுக்கும் வசதி. ஒவ்வொரு சேலைக்கும் புதுப் பக்கம் வேண்டும் என்பதால், பழைய பக்கத்தைப் பிரதியெடுத்து மாற்றுவதுதான் இயல்பாகத் தோன்றும். அப்படி எடுத்தால் பழைய படங்களும் கூடவே வந்துவிடும். ஒரு படத்தை மாற்ற மறந்தால் விற்றுப்போன சேலையின் முந்தானை புதுச் சேலையின் பக்கத்தில் நிற்கும். படமே இல்லாத ஒரு மாதிரிப் பக்கத்தை வரைவாக வைத்துக்கொண்டு, எப்போதும் அதையே பிரதியெடுப்பது பாதுகாப்பானது. இருப்பு 1, 'ஆர்டருக்கு ஒன்று மட்டும்' என்ற குறி, துணி வகை, துவைக்கும் முறை எல்லாம் அதில் தயாராக இருக்கட்டும். கடையில் நேரில் விற்றுவிட்டால், ரசீது எழுதும் முன் கைபேசிச் செயலியைத் திறந்து 1-ஐ 0 ஆக்குகிற பழக்கமும் வீட்டில் எல்லோருக்கும் வர வேண்டும். அதை எந்த மென்பொருளும் நமக்காகச் செய்யாது.

எதிர்பாராமல் கிடைத்த நன்மை ஒன்றையும் சொல்ல வேண்டும். விற்ற பொருளை மறைக்கும் வசதி வூகாமர்ஸில் உண்டு. நாங்கள் அதை அணைத்தே வைத்திருக்கிறோம். விற்ற சேலையின் பக்கம் அப்படியே நிற்கிறது, வாங்கும் பொத்தான் மட்டும் இல்லை. அதனடியில் 'இந்தக் கதையில் வேறொன்று வரைந்து தர வேண்டுமா?' என்று ஒரு வரி சேர்த்தோம். ஆர்டர் கொடுத்து வரையச் சொல்கிறவர்கள் அந்தப் பக்கங்களிலிருந்துதான் வருகிறார்கள். அதைவிடப் பெரிய விஷயம், காளஹஸ்தியில் தலைமுறைகளாக வரைந்தவை விற்றதும் ஊரைவிட்டுப் போய்விட்டன; வரைந்தவர் கையில் ஒரு படம்கூட மிஞ்சவில்லை. 2008-ல் பத்மஸ்ரீ பெற்ற ஜொன்னலகட்ட குரப்ப செட்டி போன்ற ஓரிருவரின் பெயர் வெளியே தெரிகிறது. மற்றவர்களின் வேலை யாருடையது என்றே தெரியாமல் எங்கெங்கோ தொங்குகிறது. இந்தக் கடையின் விற்ற பக்கங்கள், ஒரு குடும்பம் என்ன வரைந்தது என்பதற்கு வரிசையான பதிவாக வளர்ந்து வருகின்றன. மாதச் சந்தாவில் ஓடும் கடையாக இருந்தால் சந்தா நின்ற அன்று அந்தப் பக்கங்களும் மூடப்படும். வூகாமர்ஸில் தரவுத்தளம் எங்கள் கையில் இருக்கிறது. ஹோஸ்டிங்கை மாற்றினாலும் அப்படியே எடுத்துக்கொண்டு போகலாம்.

வூகாமர்ஸுக்கு மாற்றாகச் சொல்லப்படும் ஷாப்பிஃபை, ஸோஹோ காமர்ஸ் இரண்டையும் நியாயமாகப் பார்க்கிறேன். ஷாப்பிஃபை நல்ல கடை. நான் மேலே புலம்பிய க்ரான், கேஷ் எதுவும் அங்கே உங்கள் தலைவலி ஆகாது. ஆனால் அதன் சொந்தப் பணப் பரிமாற்ற வசதி இந்தியாவில் இல்லை. வெளி கேட்வேயைத்தான் வைக்க வேண்டும். அப்படி வைத்ததற்காக அடிப்படைத் திட்டத்தில் ஒவ்வொரு விற்பனையிலும் 2 சதவீதம் எடுத்துக்கொள்ளும். ₹20,000 சேலைக்குக் கேட்வே 2 சதவீதம் என்றால் ₹400, அதற்கு ஜிஎஸ்டி ₹72. ஷாப்பிஃபைக்கு இன்னொரு ₹400. ஆக ₹872, மாதச் சந்தா தனி. வாரக்கணக்கில் குனிந்து வரைந்தவரின் கூலியிலிருந்து போகும் பணம் அது. வேறு கேட்வே வைக்கக் காரணமே அவர்கள்தான். அதற்கு நம்மிடம் கட்டணம் வாங்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஸோஹோ காமர்ஸ் மேல் எனக்குப் பாசம் உண்டு. நம் சென்னை நிறுவனம், பக்கத்து ரேணிகுண்டாவிலேயே அலுவலகம் வைத்திருக்கிறார்கள். விற்பனையில் கமிஷன் எடுப்பதில்லை. கணக்கெழுதும் ஸோஹோ புக்ஸோடு எளிதாக இணைகிறது. தொழில்நுட்பத்துக்குக் கைகொடுக்க ஆளில்லாத கடைக்கு அதைத்தான் சொல்வேன்.

ஆக, என் முடிவு இது. சித்தூரில் பெங்களூரா மாம்பழக் கூழையோ ஜெல்லியையோ டின்னில் அடைத்து விற்கிறீர்கள், ஒரே பொருள் நூற்றுக்கணக்கில் இருக்கிறது என்றால் ஸோஹோவோ ஷாப்பிஃபையோ போதும். வூகாமர்ஸைக் கட்டி மேய்க்க வேண்டாம். மசூலிப்பட்டினத்து அச்சுத் துணி விற்றாலும் அதே பதில்தான். காளஹஸ்திக் கலம்காரி, மாதவமாலை மரச் சிற்பம் என்று ஒவ்வொன்றும் ஒன்றே ஒன்றாக வரும் பொருள் என்றால் வூகாமர்ஸை எடுங்கள். எடுத்த அன்றே நான்கு வேலைகளை முடியுங்கள்: சரக்கு நிறுத்தும் நேரத்தை இருபது நிமிடமாக்குங்கள், வெப்ஹூக்கை இணையுங்கள், க்ரானை அமையுங்கள், பொருள் பக்கங்களின் கேஷைச் சரிபாருங்கள். பிறகு உங்களிடம் இருக்கும் மிக நல்ல சேலையைத் தளத்தில் ஏற்றி, இரண்டு கைபேசிகளில் ஒரே நேரத்தில் வாங்கிப் பாருங்கள். இரண்டாவது கைபேசியில் 'இல்லை' என்று வந்தால் கடையைத் திறக்கலாம்.