ஜெபித்த தாயும் கேட்கப்படாத மகனும்

அமெரிக்க இதழாளர் லீராய் ஆரன்ஸ் எழுதிய ‘பிரேயர்ஸ் ஃபார் பாபி’ என்னும் நூல் 1995இல் வெளிவந்தது. 2009இல் தொலைக்காட்சித் திரைப்படமாகவும் எடுக்கப்பெற்றது. மேய்ப்புப் பணிக்கு ஆயத்தமாகும் ஒவ்வொருவரும் இதனைப் படித்தல் நலம். ஆயினும், இதனை எவ்வாறு படிக்க வேண்டும் என்னும் வினாவும் எழுகிறது.

கலிபோர்னியாவின் வால்நட் கிரீக் நகரில், பிரஸ்பிட்டேரியன் திருச்சபையைச் சார்ந்த பக்தியுள்ள குடும்பத்தில் வளர்ந்தவன் பாபி கிரிஃபித். தான் தன்பால் ஈர்ப்புடையவன் என்பதைப் பதின்பருவத்தில் உணர்ந்தான். தாய் மேரி அவனை வெறுத்தாரல்லர். மகன் நித்திய வாழ்வை இழப்பானோ என்று அஞ்சினார். அவன் கண்படும் இடங்களில் திருமறை வசனங்களை வைத்தார். அவன் ‘குணமாக’ இடைவிடாது மன்றாடினார். கிறிஸ்தவ ஆலோசகரிடமும் அனுப்பினார். பாபியும் மாற முயன்றான். மாற்றம் வரவில்லை. 1983 ஆகஸ்டில், தன் 20ஆம் வயதில், உயிரை மாய்த்துக்கொண்டான்.

நூலின் உயிர்நாடி அவனுடைய நாட்குறிப்புகளே. ஓர் இளைஞனின் உள்ளத்தில் தன்வெறுப்பு சிறிது சிறிதாக ஊறுவதை அவை காட்டுகின்றன. தன்பால் ஈர்ப்பை நோய்ப் பட்டியலினின்று அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973லேயே நீக்கியிருந்தது. பாபியை வாட்டியது அவன் இயல்பன்று. அவ்வியல்பைக் கடவுள் அருவருக்கிறார் என்று அவனை நம்பச் செய்த போதனையே.

மகனின் மறைவுக்குப்பின், அவனிடம் குணமாக்க வேண்டிய குறை ஏதும் இல்லாமையாலேயே கடவுள் அவனைக் குணமாக்கவில்லை என்ற தெளிவுக்கு மேரி வந்தார். அதனை ஏனைய பெற்றோருக்குச் சாட்சியாகவும் உரைத்தார். இப்பகுதி உள்ளத்தை உருக்குவது. ஆயினும், நூல் தாயின் மனமாற்றத்தை நோக்கியே நடப்பதால், மகனின் சாவு அவர் பெற்ற ஒளிக்கு ஈடான விலை போலத் தோன்றிவிடுகிறது. இதனை நாம் ஏற்கலாகாது. யெப்தாவின் பொருத்தனையை நினைவுகூர்க. தந்தையின் பக்தி மெய்யானது, பலியானவளோ மகள். இஸ்ரவேலின் குமாரத்திகள் ஆண்டுதோறும் நினைந்து புலம்பியது அம்மகளையே.

நம் சபைகளிலும், பிள்ளையை ‘ஜெபித்து மாற்றுங்கள்’ என்று கேட்டுவரும் பெற்றோர் உண்டு. மருத்துவத்தால் பாலீர்ப்பை மாற்ற முயல்வதைத் தடைசெய்யுமாறு 2021இல் சென்னை உயர்நீதிமன்றம் பணித்தது. மருத்துவருக்கு இடப்பட்ட இவ்வெல்லையை ஆயரும் தமக்கு இட்டுக்கொள்ளல் தகும். வந்திருக்கும் இளையவரைத் தனியே அமர்த்தி, முதலில் பேசவிடுக. சாவைப் பற்றி அவர் பேசுவாராயின், கண்டியாது உடனிருந்து, மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்க.

பாபியின் நாட்குறிப்புகளைத் தாய் வாசித்தது அவன் மறைந்த பின்னரே. நாம் அத்துணை காலம் காத்திருக்க வேண்டுவதில்லை.