பாட்டுக்குள் இருக்கும் படம்

எங்கள் கீரனூரிலிருந்து தெற்கே பார்த்தால் பழநி மலைத்தொடர் தெரியும். அந்த மலைமேல் கொடைக்கானலில் வெள்ளைக்காரர்கள் 'டெவில்ஸ் கிச்சன்' என்று பெயரிட்ட குகையை இன்று எல்லோரும் 'குணா குகை' என்கிறார்கள். ஒரு படமும் அதன் பாட்டும் இடத்தின் பெயரையே மாற்றிவிட்டன. பாட்டைப் படமாக்குவது பற்றிப் பேச எங்களுக்கு இதைவிடப் பக்கத்தில் வேறு சான்று இல்லை.

1991 தீபாவளி, நவம்பர் 5. 'குணா'வும் 'தளபதி'யும் ஒரே நாளில் வெளியாயின. இரண்டுக்கும் இசை இளையராஜா. 'கண்மணி அன்போடு', 'சுந்தரி கண்ணால் ஒரு சேதி' ஆகிய இரண்டு பாட்டையும் எழுதியவர் வாலி; இரண்டிலும் பெண்குரல் எஸ். ஜானகி. படமாக்கிய வழியோ நேரெதிர்.

'சுந்தரி'யில் பாதிக் கதையை இடையிசை சொல்கிறது. படப்பிடிப்புத் தளத்தில் அதை 'பி.ஜி.எம்.' என்பார்கள். குழு நடனத்தை வைத்து நிரப்புகிற இடம் என்றே பலர் அதை நினைத்திருந்தார்கள். 'தளபதி'யின் இயக்குநர் மணிரத்னம் அங்கே போர்க்களத்தை வைத்தார். வாத்தியங்கள் பொங்கும்போது பிரிவு, குரல் திரும்பும்போது கூடல். சொல்லில் இல்லாத போர் இசையில் இருப்பதை அவர் கேட்டிருக்கிறார்.

'கண்மணி'யில் மேடும் பள்ளமும் வேறு இடத்தில் இருக்கின்றன. 'குணா'வின் நாயகன் கடிதம் சொல்கிறான், நாயகி எழுதுகிறாள். அவன் வாயில் வெறும் பேச்சாக வருவது அவள் குரலில் ராகமாகிறது. கடத்திவரப்பட்ட பெண், கடத்தியவனின் வாக்கியத்தைப் பாடத் தொடங்குகிறாள். பாட்டின் உயிர் அந்த ஒரு திருப்பத்தில்தான். அதற்கு அலங்காரம் எதுவும் வேண்டாம், இரண்டு முகம் போதும் என்று இயக்குநர் சந்தான பாரதி நம்பினார். தமிழில் படமாக்கப்பட்ட காதல் பாடல்களில் நான் முதலிடம் தருவது இதற்குத்தான்.

2024 பிப்ரவரியில் வந்த மலையாளப் படம் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்', அதே குகைக்குள் விழுந்த நண்பனை மீட்கும் உச்சக் கட்டத்தில் அதே பாட்டை வைத்தது. காதல் பாட்டு நட்புக்குப் பொருந்தியது எப்படி? தடுமாறும் பேச்சிலிருந்து பேச்சுக்கு அடங்காத உணர்வுக்கு ஏறுவதுதான் அந்தப் பாட்டின் அமைப்பு. குழியிலிருந்து மேலே வருபவனுக்கும் அதே ஏற்றம். இயக்குநர் சிதம்பரம் பாட்டின் பொருளைவிட அதன் வடிவத்தைத்தான் எடுத்துக்கொண்டார்.

சினிமாவுக்கு வெளியே நடந்ததும் முக்கியம். கொடைக்கானலில் இருந்த யூனிலீவரின் தெர்மாமீட்டர் ஆலை 2001இல் மூடப்பட்டது. பாதரச மாசுக்கு நீதி கேட்டு 2015இல் சோஃபியா அஷ்ரஃப் பாடிய 'கொடைக்கானல் வோண்ட்' காணொலியை எடுத்தவர் ரதீந்திரன் ஆர். பிரசாத். ராப்பின் வேகத்துக்கு ஏற்ற வேகம் அதில் உண்டு. 2016 மார்ச்சில் முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் யூனிலீவர் உடன்பாட்டுக்கு வந்தது. அதே இயக்குநர் 2017இல் 'சென்னை பொறம்போக்கு பாடல்' எடுத்தார். கபேர் வாசுகி எழுதிய சென்னைத் தமிழை டி.எம். கிருஷ்ணா ஆனந்தபைரவியில் தொடங்கி ராகமாலிகையாகப் பாடுகிறார். பின்னால் எண்ணூரின் புகைபோக்கிகள். இங்கே கேமராவுக்கு அவசரமே இல்லை. ஒரே குரல், ஒரே கோபம். பாட்டு மாறியதும் படத்தின் நடையும் மாறிவிட்டது.

2021 மார்ச்சில் வந்த 'எஞ்சாயி எஞ்சாமி'யில் கொண்டாட்டத்துக்குள் ஒப்பாரி வருகிறது. தீயும் அறிவும் பாடிய அந்தப் பாட்டை அமித் கிருஷ்ணன் படமாக்கினார். அதில் திரும்பத் திரும்ப வரும் துள்ளலை மட்டும் வெட்டி ரீல்ஸ் போட்டவர்கள் பாட்டின் பாதியைத்தான் கேட்டார்கள்.

ஒரு தொழில் நுணுக்கம். உதடு பொருந்தியபடியே அசைவு மட்டும் மெதுவாகத் தெரிய வேண்டுமானால், தளத்தில் பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டு நொடிக்கு 48 ஃப்ரேமில் எடுக்க வேண்டும். பின்னர் 24இல் ஓட்டினால் குரல் சரியாக உட்காரும், தலைமுடியும் முந்தானையும் கனவுபோல அசையும். இதை எந்த வரியில் செய்வது என்பதைப் படப்பிடிப்புக்கு முன்பே முடிவு செய்தாக வேண்டும். எடிட்டிங் மேசையில் தோன்றினால் பயனில்லை.

இன்று எங்கள் பக்கத்துப் பையன்களும் ஆல்பம் பாட்டு எடுக்கிறார்கள். தென்னந்தோப்பு, சண்முகநதி, மலைக்கோயில் எல்லாவற்றையும் ட்ரோன் முதல் பத்து நொடியிலேயே காட்டிவிடுகிறது. இரண்டாம் சரணத்தில் பாட்டு உச்சிக்குப் போகும்போது காட்டுவதற்கு மிச்சம் எதுவும் இல்லை. கேமரா நல்ல கேமரா, பாடுகிறவர்களும் நன்றாகப் பாடுகிறார்கள், உழைப்புக்கும் குறைவில்லை. பாட்டை உட்கார்ந்து கேட்காததுதான் குறை.

தம்பிகளே, அடுத்த பாட்டுக்கு கேமராவை வாடகைக்கு எடுப்பதற்கு முன் ஒரு தாளை எடுங்கள். பல்லவி, முதல் பி.ஜி.எம்., சரணம் என்று ஒவ்வொன்றும் எத்தனையாவது நொடியில் வருகிறது என்று எழுதுங்கள். பக்கத்தில், அங்கே மனசு எங்கே போகிறது என்பதை ஒரே சொல்லில் எழுதுங்கள். மலைக்கோயிலை எந்த நொடியில் காட்டுவது என்று அந்தத் தாளைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.