தவறுக்கா நோபல் பரிசு?



வேதியியல் நோபல் பரிசு பற்றி நாம் வகுப்புக்குத் தயாரிக்கும் கருத்துணர் பகுதிகளைப் பாருங்கள். ஆண்டு, பெயர், கண்டுபிடிப்பு, கடைசியில் ஓர் அறிவுரை. எல்லாம் ஒரே அச்சு. கொஞ்சம் சுவை வேண்டுமென்றால் "தவறுதலாகக் கண்டுபிடித்தார்" என்று ஒரு வரி சேர்ப்போம். அந்த வரிதான் எனக்கு உறுத்துகிறது.

2002-இல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவரில் ஒருவர் கோய்ச்சி தனாக்கா. ஜப்பானின் ஷிமாட்சு நிறுவனப் பொறியாளர். படித்தது மின்பொறியியல், முனைவர் பட்டம் கிடையாது. புரதம் போன்ற பெரிய மூலக்கூறுகளின் நிறையை அளக்க வேண்டும். ஆனால் லேசர் பட்டால் அவை சிதைந்துவிடும். இதுதான் அவர்முன் இருந்த சிக்கல். 1985-இல் ஒருநாள், நுண்ணிய கோபால்ட் தூளில் வேறொரு திரவத்துக்குப் பதிலாகக் கிளிசரினைக் கலந்துவிட்டார். 'வீணாக்குவானேன்' என்று அதையும் கருவியில் வைத்துப் பார்த்தார். மூலக்கூறு சிதையாமல் வந்ததற்கான சமிக்ஞை தெரிந்தது.

இதை 'அதிர்ஷ்டம்' என்று முடித்துவிட்டால் மாணவருக்கு என்ன மிஞ்சும்? கலவை மாறிப்போனதை அவரே கவனித்தார், கொட்டிவிடாமல் சோதித்தார், கிடைத்ததைச் சக பொறியாளர்களோடு சேர்ந்து வளர்த்து 1987-இல் அறிவித்தார். கவனமில்லாதவர் கையில் அது கெட்டுப்போன கலவை, அவ்வளவுதான்.

பட்டியலில் இன்னொரு குறையும் உண்டு. பரிசு பெறாதவர்களை அது மறைத்துவிடுகிறது. இன்று ஆய்வகங்களில் பரவலாகப் பயன்படுவது, ஜெர்மனியில் கராஸும் ஹில்லன்காம்பும் உருவாக்கிய, இதற்கு நெருக்கமான முறை. அவர்களுக்குப் பரிசில் இடமில்லை. பெரிய புரதத்தில் முதலில் செய்துகாட்டியவருக்கா, எல்லாரும் பயன்படுத்தும் முறையைத் தந்தவர்களுக்கா பரிசு? மாணவர்கள் வாதிடட்டுமே! வாதக் கட்டுரைக்கு இதைவிட நல்ல தலைப்பு வேண்டுமா?

நம் மாணவர்களின் அறிவியல் நோட்டைப் புரட்டிப் பாருங்கள். எதிர்பார்த்த முடிவு வராவிட்டால் அழித்துவிட்டு, பக்கத்து மேசையில் வந்ததை எழுதிவிடுவார்கள். நாமும் சரி போட்டுவிடுவோம். அப்புறம் அதே மாணவரிடம் தனாக்கா கதையைச் சொல்லி என்ன பயன்?

அடுத்த முறை "கண்டுபிடித்தவர் யார்?" என்ற கேள்வியோடு இன்னொன்றையும் கேளுங்கள்: "கலவை மாறிவிட்டது எனத் தெரிந்ததும் நீ என்ன செய்திருப்பாய்?" பதிலுக்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள்.